ஒற்றைப் பல்லை வைத்து டைனோசரின் பெயரை எவ்வளவு தூரம் சொல்லலாம்?

பழைய ஃபாசில் சேகரிப்பு ஒன்றில் ஒரு பல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் நீளம், பழுப்பு நிறம், லேசான வளைவு, விளிம்பைத் தடவினால் சொரசொரப்பு. கூடவே இருக்கும் சீட்டில் ‘டைனோசர்’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. எங்கே கிடைத்தது, எந்தப் பாறையில், யார் எடுத்தார்கள், எதுவும் இல்லை. கல்லூரிப் புவியியல் துறை அலமாரிகளிலும், தனியார் சேகரிப்புகளிலும், ஆன்லைன் ஏலத்தில் வரும் பெட்டிகளிலும் இந்த மாதிரிப் பற்கள் ஏராளம். பார்த்ததும் எல்லோரும் கேட்பது, இது எந்த டைனோசர் என்றுதான். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது, கிடைத்தாலும் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பல்லை வைத்து எவ்வளவு தூரம் பெயர் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வதற்கு நிறையவே இருக்கும்.

ஏன் இத்தனை பற்கள்?

நமக்கு வாழ்நாளில் இரண்டே செட் பற்கள். டைனோசர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது, முதலைகளைப் போல சாகும்வரை பழைய பல் விழுவதும் புதுப்பல் முளைப்பதுமாகவே இருந்தன. பல்லை வெட்டி, கண்ணாடி போல மெலிதாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் நாளுக்கு ஒரு கோடு வீதம் வளர்ச்சிக் கோடுகள் தெரியும். அவற்றை எண்ணி, ஒரு பல் எத்தனை நாளில் மாற்றப்பட்டது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். டிப்ளோடோகஸ் என்ற நீண்ட கழுத்துத் தாவர உண்ணிக்கு ஓர் இடத்தில் சுமார் 35 நாளுக்கு ஒரு புதுப்பல். டைரனோசாரஸ் ரெக்ஸ் நிதானம், அதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அப்படியிருந்தும் அதன் வாயில் சுமார் 60 பற்கள் இருந்ததால், ஒரே விலங்கு வாழ்நாளில் சில நூறு பற்களையாவது உதிர்த்திருக்கும். எலும்புக்கூடோ ஒன்றுதான், அதுவும் முழுசாகப் பாறைக்குள் போய்ச் சேருவது அபூர்வம்.

உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எலும்பு மட்கிவிடும், வேறு விலங்கு கடித்து நொறுக்கும், ஆற்றில் உருண்டு தேயும். பல் இதையெல்லாம் தாண்டி நிற்கும். ஆனால் தாண்டி நிற்கும் அந்தப் பயணத்தில் சொந்தக்கார விலங்கை விட்டு எங்கேயோ போய்விடுகிறது. ஓர் எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே கிடைத்த பல்கூட அந்த எலும்புக்கூட்டினுடையதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் டெனோன்டோசாரஸ் என்ற தாவர உண்ணியின் எலும்புகளோடு டெய்னோனிக்கஸ் என்ற ஊனுண்ணியின் உதிர்ந்த பற்கள் கிடைத்திருக்கின்றன. அவை சாப்பிட வந்தவை விட்டுப்போனவை.

முதல் கேள்வி: எங்கே கிடைத்தது?

பல்லை லென்ஸில் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள், பெட்டியைப் பாருங்கள், சுற்றியிருந்த பழைய செய்தித்தாளைக்கூடப் பாருங்கள். என் கணக்கில் அடையாளம் காணும் வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகிறது, மீதியைத்தான் பல் சொல்கிறது.

ஏனென்றால் நாம் நடைமுறையில் செய்வது, அந்தப் பாறையில், அந்தக் காலத்தில் வாழ்ந்ததாகத் தெரிந்த விலங்குகளின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது. அமெரிக்காவின் ஹெல் க்ரீக் பாறைகளில், அதாவது 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவற்றில், தடித்த பெரிய ஊனுண்ணிப் பல் ஒன்று கிடைத்தால் அது டைரனோசார் குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம், அந்த அளவுக்கு வளர்ந்த வேறு ஊனுண்ணி டைனோசர் அங்கே தெரியவரவில்லை. ஆனால் சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையான மோரிசன் பாறைகளில் பெரிய ஊனுண்ணிப் பல் என்றால் அல்லோசாரஸ், செரடோசாரஸ், டொர்வோசாரஸ் என்று பல பேர் வரிசையில் நிற்பார்கள். சீட்டில் ஊரும் இல்லை, பாறையும் இல்லை என்றால் உலகத்தில் 16 கோடி ஆண்டுகள் வாழ்ந்த ஊனுண்ணிகள் எல்லாமே பட்டியலில் வந்துவிடும்.

சீட்டு இல்லையென்றாலும் சில தடயங்கள் மிஞ்சியிருக்கலாம். பல்லின் அடிக்குழியில் ஒட்டியிருக்கும் பாறைத் துணுக்கு அதில் முக்கியமானது. மொராக்கோவின் கெம் கெம் பகுதிப் பற்களில் பெரும்பாலும் சிவப்புக் கலந்த மணற்கல் இருக்கும். அதே மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும் கடல் விலங்குப் பற்களில் வெளிர் மஞ்சளாக, உதிரக்கூடிய பொருள் ஒட்டியிருக்கும். ஆகவே அழகாக இருக்கட்டும் என்று ஊசியால் குடைந்து அந்த மண்ணை எடுத்துவிடாதீர்கள், பல்லுக்கு இருக்கும் ஒரே முகவரி அதுவாக இருக்கலாம். பல்லின் நிறத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு, பழுப்பு, சாம்பல் எல்லாம் புதைந்திருந்த இடத்துக் கனிமங்கள் கொடுத்த நிறம்.

இது டைனோசர்தானா?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்கள்தான் அதிகம். ரம்பம் போன்ற விளிம்பு இருந்தால் டைனோசர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுறாவுக்கும் அந்த விளிம்பு உண்டு. நிலத்தில் வேட்டையாடிய பழங்கால முதலை இனங்கள் சிலவற்றின் பற்கள் பக்கவாட்டில் தட்டையாகி, பின்னால் வளைந்து, அச்சு அசல் சின்ன டைனோசர் பல் மாதிரியே இருக்கும். கடலில் இருந்த மோசசார்கள், டைனோசர்கள் தோன்றிய ட்ரயாசிக் காலத்தில் இருந்த, முதலை போன்ற ஃபைட்டோசார்கள் என்று குழப்புவதற்கு ஆள் நிறைய.

முதலைப் பல்லையும் ஊனுண்ணி டைனோசர் பல்லையும் பிரிக்க ஒரு நல்ல வழி, விளிம்புகள் வளைவின் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்ப்பது. ஊனுண்ணி டைனோசரின் பல் பெரும்பாலும் தொண்டையை நோக்கிப் பின்னால் வளையும், அதனால் கூரான விளிம்புகளில் ஒன்று வளைவின் வெளிப்பக்கத்திலும் மற்றொன்று உட்பக்கத்திலும் ஓடும். முதலைப் பல் பெரும்பாலும் நாக்கை நோக்கி உள்ளே வளைவதால், இரண்டு விளிம்புகளும் வளைவின் இரு பக்கவாட்டில் வந்துவிடும். வாயின் முன்பக்கப் பற்களில் இந்த விதி தடுமாறும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது அமெச்சூர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1989-இல் நியூ மெக்சிகோவில் கிடைத்த தனிப் பற்களை வைத்து ரெவுவெல்டோசாரஸ் என்று ஒரு விலங்குக்குப் பெயர் வைத்தார்கள். இலை வடிவத்தில், விளிம்பில் முள் முள்ளாக இருந்த பற்கள். ட்ரயாசிக் காலத்திலேயே வாழ்ந்த தாவர உண்ணி டைனோசர் என்று அதைக் கொண்டாடினார்கள், அதே மாதிரிப் பற்கள் வேறு இடங்களில் கிடைத்தபோது அவையும் அந்த வகை டைனோசர்கள் என்றே பதிவாயின. பிறகு அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் அதே பற்களோடு எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2005-இல் வந்த ஆய்வு அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது, இது டைனோசரே கிடையாது, முதலைகளின் பக்கத்துக் கிளையைச் சேர்ந்த ஒரு விலங்கு. அதோடு, வெறும் இலை வடிவப் பல்லை வைத்து ட்ரயாசிக் தாவர உண்ணி டைனோசர் என்று சொல்லப்பட்டிருந்த மற்றவற்றின் கதையும் ஆட்டம் கண்டது.

சரி, பல்லைக் கையில் எடுப்போம்

பத்து மடங்கு லென்ஸ், ஒரு வெர்னியர் அளவி, பக்கவாட்டில் விழும் வெளிச்சம், இவ்வளவு போதும்.

முதலில் அடிப்பகுதி. ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியை மகுடம் என்பார்கள், அதற்குக் கீழே எனாமல் இல்லாத பகுதி வேர். உதிர்ந்த பல்லில் வேர் பெரும்பாலும் இருக்காது. கீழிருந்து முளைத்த புதுப்பல்லுக்கு இடம் விட்டு வேர் கரைந்துபோயிருக்கும், அடியில் குழிவாக இருக்கும். நீளமான வேரோடு ஒரு பல் இருந்தால் அது தாடையிலேயே இருந்தது, விலங்கு செத்த பிறகு வெளியே வந்தது என்று பொருள். அல்லது யாரோ வேரைச் செய்து ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து பொது வடிவம். தாவர உண்ணிகள் என்றால் சில குழுக்களைச் சீக்கிரம் பிரித்துவிடலாம். ஹாட்ரோசார் என்னும் வாத்துவாய் டைனோசர்களின் பல் சாய்சதுரம் போல, நடுவில் ஒரு மேடு ஓடும், உதிர்ந்தவை பெரும்பாலும் மட்டமாகத் தேய்ந்திருக்கும். ட்ரைசெரடாப்ஸ் போன்ற கொம்பு டைனோசர்களின் பல்லிலும் அந்த மேடு உண்டு, ஆனால் வேர் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆங்கிலோசார் போன்ற கவசக்காரர்களுக்குச் சிறிய, இலை வடிவப் பல், அடியில் ஒரு வீக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். சௌரோபாட் என்னும் நீண்ட கழுத்துப் பெரிய தாவர உண்ணிகளில் சிலவற்றுக்கு மெல்லிய குச்சி போலவும் சிலவற்றுக்கு அகலமாக, உட்பக்கம் குழிந்தும் இருக்கும். இவற்றில் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எந்த இனம் என்று பல்லை வைத்துச் சொல்வது அநேகமாக நடக்காத காரியம்.

ஊனுண்ணிகளில், அதாவது தெரோபாட்களில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. அடிப்படை வடிவம் நம் கருக்கரிவாள்தான், தட்டையான வளைந்த அலகு, விளிம்பில் பொடிப்பொடியாக முட்கள். இதில் நான்கு அளவுகளை எடுக்க வேண்டும்: மகுடத்தின் உயரம், அடியில் முன்பின்னாக நீளம், அடியில் பக்கவாட்டு அகலம், முள்ளின் அடர்த்தி. அகலத்தை நீளத்தால் வகுத்தால் பல் எவ்வளவு தட்டை என்பது எண்ணாகக் கிடைக்கும். ஒன்றை நெருங்கினால் உருண்டை, அரைக்குக் கீழே போனால் நல்ல தட்டை. டைரனோசாரஸ் ரெக்ஸின் பக்கப் பற்கள் தடித்தவை, எலும்பை நொறுக்கும் வேலைக்கு ஏற்றவை. கார்கரோடான்டோசாரஸின் பல் அதே நீளத்தில் இருந்தாலும் மெல்லியது, சதையை அறுக்கும் பல்.

முட்களை எண்ணுவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது, விளிம்பின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ணுவார்கள். நுனியிலும் அடியிலும் முட்கள் பொடியாகிவிடும், அங்கே எண்ணினால் கணக்கு கெடும். வளர்ந்த டைரனோசாரஸ் ரெக்ஸில் இந்த எண் பத்தை ஒட்டி வரும். இங்கிலாந்தில் கிடைத்த பேரியோனிக்ஸில் மில்லிமீட்டருக்கே சுமார் 7 முட்கள், கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் உரசினால்தான் தெரியும்.

அப்புறம் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் ஒப்பிட வேண்டும். முன்விளிம்பு என்பது மூக்குப் பக்கம், பின்விளிம்பு தொண்டைப் பக்கம். பல பெரிய தெரோபாட்களில் இரண்டு பக்கத்து முட்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வெலோசிராப்டரின் உறவினர்களான ட்ரோமியோசாரிட்கள் பலவற்றில் முன்விளிம்பு முட்கள் பின்விளிம்பை விடத் தெளிவாகச் சின்னவை, சிலவற்றில் முன்பக்கம் முள்ளே இருக்காது. ட்ரூடான்டிட்கள் என்னும் சிறு தெரோபாட்களில் பல்லே பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது, ஆனால் பின்விளிம்பு முட்கள் பல்லின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கொக்கிகள், நுனியை நோக்கி வளைந்திருக்கும். முள்ளின் உருவம், முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையில் அடியில் இருக்கும் சிறு குழி, இதெல்லாம் எண்ணிக்கையை விட அதிகம் பேசும் என்பது என் கருத்து. எண்ணிக்கை பல்லின் அளவோடு சேர்ந்து மாறிவிடும், குட்டி விலங்கின் பல்லில் முள் பொடியாகத்தான் இருக்கும்.

கெம் கெம் பல்லை வைத்து ஒரு பயிற்சி

சந்தையில் இருக்கும் டைனோசர் பற்களில் பெரும்பங்கு மொராக்கோவின் கெம் கெம் பகுதியிலிருந்து வருபவைதான், உங்கள் பெட்டியில் இருப்பதும் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அல்ஜீரிய எல்லையை ஒட்டிய பாலைவனத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய ஆறுகள் ஓடிய இடம். உள்ளூர்க்காரர்கள் குன்றுகளின் பக்கவாட்டில் கையால் சுரங்கம் தோண்டி எலும்புப் படிவை எடுக்கிறார்கள்.

இங்கே உருண்டையான பல் என்றால் முதலில் ஸ்பைனோசாரஸ் நினைவுக்கு வர வேண்டும். நேராகவோ மிக லேசாக வளைந்தோ இருக்கும், இரண்டு பக்கமும் கூரான விளிம்பு உண்டு ஆனால் முள் கிடையாது, நீளவாக்கில் மெல்லிய வரிப்பள்ளங்கள் ஓடும். இதை யாராவது அபூர்வம் என்று விற்றால் நம்ப வேண்டாம். 2020-இல் வந்த ஓர் ஆய்வில், கெம் கெம்மின் ஓர் இடத்தில் எடுத்த 1,200-க்கு மேற்பட்ட பற்களில் சுமார் 45 சதவீதம் ஸ்பைனோசாரஸுடையவையாக இருந்தன. ஆற்றிலேயே கிடந்த விலங்கு, ஆற்றிலேயே பல்லை உதிர்த்திருக்கிறது. அதே ஆற்றில் முதலைகளும் இருந்தன, அவற்றின் குட்டையான, தடித்த பற்களும் ஸ்பைனோசாரஸ் என்ற பெயரில் விலைபோகின்றன.

தட்டையான பெரிய பல், முள்ளோடு, விளிம்பை ஒட்டி எனாமலில் வளைவான சுருக்கங்களும் இருந்தால் கார்கரோடான்டோசாரஸ் குடும்பத்தை நினைக்கலாம். ஒரு காலத்தில் இந்தச் சுருக்கம் அந்தக் குடும்பத்துக்கே உரிய முத்திரை என்று எண்ணினார்கள், பிறகு வேறு தெரோபாட்களிலும் அது இருப்பது தெரியவந்தது. எனவே சுருக்கம் மட்டும் போதாது. குட்டையான மகுடம், முன்விளிம்பு நன்றாக வளைந்து, பின்விளிம்பு கிட்டத்தட்ட நேராக இறங்கினால் அபெலிசாரிட் என்ற இன்னொரு தெரோபாட் குடும்பம். இவை இல்லாமல் சின்னதாக, வளைந்து, முள்ளோடு வரும் எல்லாவற்றையும் விற்பவர்கள் ‘ராப்டர்’ என்றோ ‘டெல்டாட்ரோமியஸ்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். டெல்டாட்ரோமியஸின் எலும்புக்கூடு 1990-களில் விவரிக்கப்பட்டபோது அதற்கு மண்டையோடே கிடைத்திருக்கவில்லை. மண்டையோடு இல்லாத விலங்கின் பல் எப்படி இருக்கும் என்று விற்பவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கார்கரோடான்டோசாரஸின் பெயருக்குப் பின்னாலும் பல்தான் இருக்கிறது. 1925-இல் அல்ஜீரியாவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து மெகலோசாரஸ் என்ற தெரோபாட்டின் புது இனமாக அதை விவரித்தார்கள். எகிப்தில் 1914-இல் கிடைத்த ஒரு பகுதி எலும்புக்கூட்டின் பற்களும் அப்படியே இருப்பதாகக் கண்ட ஜெர்மன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1931-இல் கார்கரோடான்டோசாரஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களை அடக்கும் பிரிவை, உருவாக்கினார். அந்த எலும்புகள் 1944-இல் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் அழிந்தன. அல்ஜீரியப் பற்களும் காணாமல் போயின. கடைசியில் மொராக்கோவில் கிடைத்த ஒரு மண்டையோட்டைப் பெயருக்கு ஆதாரமாக வைக்க வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில், ஸ்ட்ரோமரின் பழைய புகைப்படங்களை மீண்டும் பார்த்தவர்கள் அந்த எகிப்திய விலங்கு வேறு பேரினம் என்று முடிவு செய்து டமெரிராப்டர் என்று பெயரிட்டார்கள். பற்கள் ஒத்துப்போயின என்று தொடங்கிய ஒரு கதை, மீதி உடம்பைப் பார்த்தபோது ஒத்துப்போகவில்லை.

ஒரே வாயில் பல வகைப் பல்

பல்லை மட்டும் வைத்து இனம் சொல்வது ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், ஒரே விலங்கின் வாயில் முன்பல்லும் பக்கப்பல்லும் வேறு வேறு மாதிரி இருக்கின்றன, குட்டியாக இருக்கும்போது ஒரு மாதிரி, வளர்ந்தபின் வேறு மாதிரி. டைரனோசார்களின் முன்பற்களைக் குறுக்கே வெட்டினால் ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைவாக இருக்கும், பக்கப் பற்களோடு வைத்தால் உறவே தெரியாது. 1868-இல் அப்படிப்பட்ட முள்ளில்லாத சிறு பற்களுக்கு ஆப்லிசோடான் என்று அமெரிக்க ஃபாசில் ஆய்வாளர் ஜோசப் லைடி தனிப்பெயர் வைத்தார். அந்தப் பெயர் நூறாண்டுக்கு மேல் உலாவிய பிறகு, அது இளம் டைரனோசார்களின் முன்பல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே மாதிரி இரையை ஒரே மாதிரி அறுக்கும் விலங்குகளுக்கு, சொந்தமில்லாவிட்டாலும் ஒரே மாதிரிப் பல் அமைந்துவிடும். இரண்டும் சேரும்போது பல் தனியாக நின்று இனத்தைச் சொல்லும் தகுதியை அநேகமாக இழந்துவிடுகிறது.

லைடியின் பெயர் வந்ததால் ட்ரூடான் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெர்டினான்ட் ஹேடன் மொன்டானாவின் ஜூடித் ரிவர் பகுதியிலிருந்து கொண்டுவந்த பற்களை வைத்து 1856-இல் லைடி நான்கு டைனோசர்களுக்குப் பெயர் வைத்தார்: டெய்னோடான், ட்ராகோடான், பேலியோசின்கஸ், ட்ரூடான். ட்ராகோடானுக்கு அவர் எடுத்துக்கொண்ட பற்களிலேயே வாத்துவாய் டைனோசர் பல்லும் கொம்பு டைனோசர் பல்லும் கலந்திருந்தன. ட்ரூடானைப் பல்லி என்று நினைத்தார். அதற்கு ஆதாரம் ஒரே ஒரு பல். 1924-இல் சார்ல்ஸ் கில்மோர், மண்டை தடித்த ஸ்டெகோசெராஸின் பற்களும் இதைப் போலவே இருப்பதாகக் கண்டு, அந்தத் தாவர உண்ணியை ட்ரூடான் என்று மாற்றினார். சுமார் இருபது ஆண்டுகள் ட்ரூடான் மண்டை தடித்த தாவர உண்ணியாகவே இருந்தது, 1945-இல் சார்ல்ஸ் ஸ்டெர்ன்பெர்க் அதைப் பிரித்து ஊனுண்ணிகளிடம் திருப்பி அனுப்பும் வரை. 1987-இல் ஃபிலிப் கரி, ஆல்பர்ட்டாவில் எலும்புகளோடு தெரிந்திருந்த ஸ்டெனோனிக்கோசாரஸும் ட்ரூடானும் ஒன்றே என்றார். பழைய பெயருக்கு முன்னுரிமை என்பதால் ட்ரூடான் என்ற பெயர் எல்லாப் புத்தகங்களிலும் ஏறியது. 2017-இல் அதே கரி பங்கேற்ற ஓர் ஆய்வு, அந்த ஒற்றைப் பல்லை வைத்து எந்த இனம் என்று தனித்துச் சொல்ல முடியாது என்று முடிவு செய்து ஸ்டெனோனிக்கோசாரஸை மீண்டும் எடுத்தது.

ஒன்று கவனியுங்கள். இந்தச் சண்டையில் இப்போது யாரும் அந்தப் பல் ட்ரூடான்டிட் குடும்பத்துடையது என்பதை மறுப்பதில்லை. குடும்பம் வரை பல் சொல்லிவிட்டது, அதற்குக் கீழேதான் அதனால் இறங்க முடியவில்லை.

அரியலூரில் கிடைத்த ஒரு பல்

அந்தக் குடும்பத்தின் பெயர் தமிழ்நாட்டிலும் வந்திருக்கிறது. அரியலூர்ப் பகுதியின் பாறைகள் பெரும்பாலும் கடலடிப் பாறைகள், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் சுறாப் பல்லும் கிடைக்கும் இடம், அங்கே ஒரு பல் கண்டால் முதலில் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கல்லமேடு பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில், டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முன் ஆறுகள் படியவைத்த அடுக்குகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த ஒற்றைச் சிறு பல் ஒன்றை அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழு 2013-இல் ட்ரூடான்டிட் என்று விவரித்தது. அதுவரை அந்தக் குடும்பம் வட அமெரிக்கா, ஆசியாவின் வடபகுதி போன்ற வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை, கடலுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். அந்தப் பல் உண்மையிலேயே ட்ரூடான்டிட் என்றால் இந்தக் குடும்பம் உலகம் முழுக்க, கண்டங்கள் பிரிவதற்கு முன்பே பரவியிருக்க வேண்டும்.

எலும்பு ஒன்றும் கிடைக்காமல் ஒரு பல்லின் மேல் இவ்வளவு பெரிய முடிவை ஏற்ற வேண்டுமா என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் நியாயமாகவே படுகிறது. தெற்குக் கண்டங்களில் நமக்குப் பல் மட்டும் தெரிந்த, அல்லது பல்லே தெரியாத சிறு ஊனுண்ணிகள் நிறைய, அவற்றில் ஒன்று தனியாக இப்படிப் பெரிய முட்களை வளர்த்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அதே சமயம் அந்தக் குழு பல்லைத் துல்லியமாக வரைந்து, அளந்து, இடத்தோடும் அடுக்கோடும் பதிவு செய்திருக்கிறது. பின்னால் யாராவது ஒரு தாடையைக் கண்டுபிடித்தால் உடனே சரிபார்க்கலாம். நம் நாட்டிலேயே இதற்கு முந்தைய காலத்துப் பழக்கம் வேறு: 1890-இல் ரிச்சர்ட் லிடெக்கர், நாக்பூர்ப் பக்கத்துப் பல் ஒன்றை மாஸோஸ்பாண்டிலஸ் என்ற தாவர உண்ணியின் புது இனம் என்று பெயரிட்டுவிட்டார். அது தெரோபாட் பல்.

இப்போது கணினியும் வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பற்களின் அளவுகளைக் கொடுத்துப் பழக்கி, புதுப்பல் எதோடு சேரும் என்று கேட்கிறார்கள், குழு அளவில் நல்ல உதவிதான். ஆனால் பழக்கியபோது பட்டியலில் இல்லாத விலங்கின் பல்லைக் கொடுத்தாலும், அது பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரைத்தான் சொல்லும்.

ஒட்டுவேலை

காசு கொடுத்து வாங்கிய பல் என்றால் அடையாளம் காணும் முன் அது ஒரே பல்தானா என்று பார்க்க வேண்டும். மொராக்கோப் பற்களில் மணலும் பசையும் குழைத்து வேர் செய்வது, இரண்டு உடைந்த ஸ்பைனோசாரஸ் பற்களை ஒட்டி ஒன்றாக்குவது, நிஜ மோசசார் பற்களைப் போலித் தாடையில் பதிப்பது எல்லாம் சாதாரணம். எனாமலில் ஓடும் வரிகளும் விரிசல்களும் ஓர் இடத்தில் திடீரென்று நின்றுபோனால் அங்கே ஒட்டு இருக்கிறது. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பசை பெரும்பாலும் பல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒட்டப்பட்ட பல்லில் நீளத்தையும் வளைவையும் அளந்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முள் எண்ணிக்கை மட்டும் அந்தந்தத் துண்டுக்குச் செல்லும்.

சீட்டில் என்ன எழுதுவது?

உறுதியாகத் தெரிந்த மட்டம் வரை எழுதுங்கள். ‘தெரோபாட், பக்கப்பல், உதிர்ந்தது, கெம் கெம் என்று விற்றவர் சொன்னது, ஊர் தெரியாது’ என்ற சீட்டு, ‘கார்கரோடான்டோசாரஸ் சஹாரிகஸ்’ என்ற சீட்டை விட ஓர் ஆய்வாளருக்குப் பல மடங்கு பயன்படும். தெரிந்தது எது, பிறர் சொன்னது எது, நீங்கள் ஊகித்தது எது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும், தேதியும் போடுங்கள். பழைய சீட்டு தப்பு என்று தோன்றினாலும் தூக்கிப்போட வேண்டாம், புதுச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அதில் இருக்கும் கையெழுத்தை வைத்தே சேகரித்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடிந்தாலும் முடியும்.

யாரிடமாவது காட்டிக் கேட்பதாக இருந்தால், கைமேல் வைத்து எடுத்த ஒரே ஒரு மங்கலான படம் போதாது. வெளிப்பக்கம், உட்பக்கம், முன்விளிம்பு, பின்விளிம்பு, அடியிலிருந்து நேராக, எல்லாவற்றிலும் மில்லிமீட்டர் ஸ்கேல் தெரிய வேண்டும், இரண்டு விளிம்புகளின் நடுப்பகுதியையும் லென்ஸ் வழியாக நெருக்கமாக எடுக்க வேண்டும், அடிக்குழியில் இருக்கும் பாறையையும் ஒரு படம். பல் உடைந்திருந்தால் படங்கள் எடுத்து முடிக்கும் வரை ஒட்டாதீர்கள், உடைந்த முகத்தில் எனாமலின் தடிப்பு தெரியும், அதுவும் ஒரு தகவல். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசை வேண்டாம், அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 அசிட்டோனில் கரையும், பின்னால் வேறு யாராவது பிரித்துப் பார்க்க நினைத்தால் பிரிக்கலாம்.